புன்செய் நிலத்து இல்லக்கிழத்தி

தருமபுரிக்குத் தென்கிழக்கே, சேலத்திலிருந்து சோலையார்ப்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மொரப்பூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. பண்டு தகடூர் நாடு என வழங்கிய நிலப்பகுதியைச் சேர்ந்தது அது. அதியமானும் ஔவையாரும் நட்புப் பூண்டிருந்த நாடு என்று இதனை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். அம்மன்னனின் வேலும் களிறும் கொடையும் பாடல் பெற்றன. ஆயின், அந்நாட்டின் சரளை மேடுகளைத் திருத்தி விளைநிலம் ஆக்கிய உழவர்தம் பெயரை எவரும் எழுதி வைத்திலர். அவ்வுழவருள்ளும் அவர்தம் மனைவியர் செய்த பணி இருமடங்கு மறைந்து கிடக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

இது காவிரிக் கழிமுகம் போன்ற நன்செய் நாடு அன்று. தென்பெண்ணை ஒருபால் ஓடினும், பெரும்பாலான ஊர்கள் வானம் பார்த்த புன்செய் ஊர்களே. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதுவும் தென்மேற்குப் பருவத்தும் வடகிழக்குப் பருவத்தும் பிரிந்து பெய்யும். ஒரு பருவம் பொய்த்தால் மறு பருவத்தை நம்பிக் காத்திருத்தல் வேண்டும். இத்தகைய நிலத்துக்கு ஏற்ற பயிர்கள் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, துவரை, ஆமணக்கு என்பனவாம்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்குப் பாராமகால் என்று பெயர். மைசூர் ஐதர் அலிக்கும் அவர் மகன் திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கும் 1767 முதல் 1792 வரை விட்டுவிட்டு நிகழ்ந்த போர்களில் படைகள் பன்முறை இவ்வழியே வந்து சென்றன. படை நடந்த வழியில் பயிர் நிற்குமோ? உழவு மாடுகளை இழந்தோரும் ஊரை விட்டு அகன்றோரும் பலராயினர். உழுத நிலம் மீண்டும் முட்புதர் ஆயிற்று.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனியார் வசம் ஆயின. காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்பார் நாட்டை ஆளும் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்தவருள் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் 1799 வரை தருமபுரிப் பகுதியில் பணியாற்றிப் பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநர் ஆனார். இவ்விருவரும் நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவனோடே நேராகத் தீர்வை பேசும் முறையை இங்குத் தொடங்கினர். அதுவே இரயத்துவாரி முறை எனப் புகழ்பெற்றது. மாடும் விதையும் வாங்கத் தக்காவி என்னும் முன்பணம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. குடிகள் திரும்பி வந்து புதரை வெட்டிக் கொல்லைகளை மீண்டும் திருத்தினர்.

அக்காலத்து அலுவல் ஏடுகளைச் சென்னை அரசாங்கத்தார் 20-ஆம் நூற்றாண்டில் பல பகுதிகளாக அச்சிட்டனர். நிலம் இவ்வளவு, தீர்வை இவ்வளவு எனும் கணக்கில் ஆங்கிலேயர் வல்லவர். பட்டாவில் குடியானவன் பெயர் ஏறியது. பெரும்பாலும் அது குடும்பத்து ஆடவன் பெயரே ஆகும். கணக்குப் பிள்ளை எழுதாது விட்ட மற்றொரு கணக்கும் உண்டு. அது அவன் மனைவியின் கைக்கணக்கு.

முதற்கண் விதையைக் காண்போம். அறுவடைக்கு முன்பே கொல்லைக்குள் நடந்து, பருத்துத் திரண்ட கதிர்களைப் பார்த்து, இவை விதைக்கு ஆகும் என்று தனியே கொய்பவள் அவள். கதிரை உலர்த்தி, கையால் தேய்த்து, முறத்தால் புடைத்து, சாம்பலும் வேப்பிலையும் நொச்சியிலையும் கலந்து கலயத்தில் இட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி மூடுவாள். துவரைக்கும் அவரைக்கும் செம்மண் குழம்பு பூசி வெயிலில் காயவைப்பாள், வண்டு அணுகாது. இவற்றை அவளுக்குப் பள்ளியில் எவரும் கற்பித்திலர். மாமியார் சொல்ல மருமகள் கேட்டாள். கற்றோர் சிலர் இதனைச் சிறுபணி என்று எண்ணக்கூடும். விதை முளைக்காவிடின் பொன்னால் ஏர் செய்து உழுதும் பயன் என்ன?

மழை பெய்து உழவு முடிந்தபின், களையெடுக்கும் பணி அவளுடையது. கேழ்வரகுக் கொல்லைக்கு இரண்டு மூன்று முறை களை கொத்துதல் வேண்டும். குழந்தையை மரக்கிளையில் கட்டிய தூளியில் இட்டு, மூத்த பெண்ணை ஆட்டச் சொல்லிவிட்டு, களைக்கொத்துடன் குனிந்தவள் உச்சி வேளையில்தான் நிமிர்வாள். களையென்று பிடுங்கியவற்றுள் பண்ணைக்கீரை முதலிய கீரைகளை மடியில் சேர்த்துக்கொள்வாள். அன்றைக் குழம்பு அதுவே. கிணறு உள்ள நிலமாயின் கணவன் வடத்தின்மேல் அமர்ந்து எருதுகளை முன்னும் பின்னும் செலுத்திக் கவலை இறைப்பான். கவலை என்பது தோற்சாலில் நீர் முகக்கும் பொறி. அந்நீரைப் பாத்திதோறும் மடைமாற்றி விடுபவள் மனைவி. ஒரு பாத்தி நிரம்பியதும் மண்ணால் அடைத்து மறுபாத்தியைத் திறத்தல் வேண்டும். கணவன் கால் வடத்தில் இருக்க, இவள் கால் நாள் முழுதும் சேற்றில் இருக்கும்.

கதிர் வீடு வந்த பின்னும் வேலை ஓய்வதில்லை. கேழ்வரகைத் திரிகையில் அரைத்தால்தான் களி. சாமையை உரலில் குத்தி உமி நீக்கினால்தான் சோறு. குத்தும்பொழுது பாடிய பாட்டை வள்ளைப்பாட்டு என்று நம் இலக்கியம் ஓர் இனமாகவே போற்றுகின்றது. பாட்டைப் போற்றியவர் உலக்கையின் பாரத்தை எண்ணினரோ, அறியேம். விளக்கெரிக்கவும் எண்ணெய் வேண்டுமன்றோ? ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து நீரிலிட்டுக் காய்ச்சினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதனை அகப்பையால் வழித்தெடுத்து மீண்டும் காய்ச்சி வைத்துக்கொள்வாள். அதுவே விளக்குக்கும் குழந்தையின் தலைக்கும் வயிற்றுக்கும் ஆயிற்று.

இனி, இவ்வாழ்வின் மிகக் கடிய சோதனையைக் கூறுவோம். 1876-இல் தாது ஆண்டு பிறந்தது. பருவமழைகள் பொய்த்தன. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மிகக் கொடிய துன்பமுற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. மொரப்பூர் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அரசாங்கத்தார் நிவாரண வேலைகளைத் திறந்தனர். ஆயின், 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் கூலியைக் குறைத்தார். கடும் உழைப்புச் செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியமும் சிறு காசுமே கிடைத்தன. பெண்டிர்க்கு அதனினும் குறைவு. இவ்வளவு உணவால் உழைப்பவன் உயிர் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் வாதாடினார். பலர் உயிர் துறந்தனர். பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றனர்.

அப்பஞ்சத்தில் ஓர் உழவன் வீட்டை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு நெடுநாள் கெடாத தானியம். சிறு மணியாதலின் பூச்சி எளிதில் தாக்காது. ஆகவே நல்ல ஆண்டில் குழியிலும் குதிரிலும் சேர்த்த கேழ்வரகு முதல் வறட்சியைத் தாங்கும். இரண்டாம் ஆண்டில் குதிர் ஒழியும். எஞ்சுவது பரணில் உள்ள விதைக்கலயம் ஒன்றே. ஓர் ஏக்கருக்கு நாற்றுவிட இரண்டு கிலோ விதை போதும். அதே இரண்டு கிலோவை அரைத்துக் களி கிளறினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் அல்லது இரு நாள் பசி தீரும். தூளியில் கிடக்கும் குழந்தை அழுகின்றது. கலயம் பரணில் இருக்கின்றது. கலயத்தைத் திறந்தால் இன்று உணவு உண்டு. மழை பெய்தால் விதை இல்லை. திறவாவிடின் மழைவரை குழந்தை இருக்குமோ என்னும் ஐயம். இவ்வழக்கைத் தீர்த்து வைக்க ஊர்ச்சபையோ நீதிமன்றமோ இல்லை. அடுப்படியில் நின்ற தாய் ஒருத்தியே தீர்க்க வேண்டியதாயிற்று. திறந்தவளைக் குறை கூற நமக்கு நா எழாது. திறவாதிருந்தோரும் இருந்தனர், பஞ்சம் தணிந்தபின் அக்கொல்லைகள் மீண்டும் விதைக்கப்பட்டன.

இத்துன்பம் அரசாங்கத்துக்கும் ஒரு பாடம் ஆயிற்று. பஞ்சகாலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் கொண்டு செல்லுதற் பொருட்டு 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அது 1913-இல் ஓசூர் வரை நீண்டு, 1941-இல் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

பட்டாவின் கதை இதனினும் மெதுவாகவே நகர்ந்தது. இந்து மகளிரின் சொத்துரிமை பற்றி 1937-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஆயின் அது விளைநிலத்துக்குச் செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. நகை உரியது, நிலம் உரியதன்று என்றால், நிலத்தில் வாழ்ந்தவளுக்கு அச்சட்டத்தால் ஆவது யாது? 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான பங்கினைத் தமிழ்நாடு 1989-இல், அந்நாளில் மணமாகாதிருந்த மகளிர்க்கு வழங்கியது. இந்தியா முழுமைக்கும் 2005-இல் அவ்வுரிமை வந்தது. எனினும் 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சாகுபடி நிலத்தை நடத்துவோராகப் பதிவு பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரே பெண்டிர்.

2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவையினர் உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினர். அவ்வாண்டில் தமிழ்நாடு அரசு தருமபுரி, நீலகிரி ஆகிய இரு மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளின் வழியே இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. ஓர் ஏக்கருக்குரிய விதையின் அளவும் அதுவே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. அரசின் கொள்முதல் நிலையத்தில் கேழ்வரகை விற்கச் செல்லும் உழவர், நிலத்துக்குரிய சிட்டாவையும் அடங்கலையும் காட்டுதல் வேண்டும். கதிரைத் தெரிந்து விதைகட்டிக் களைகொத்திய கையே மூட்டையை அவ்வாயிலில் இறக்கினும், சிட்டாவில் எவர் பெயர் உள்ளதோ அப்பெயரே ஆங்கு வாசிக்கப்படும்.