டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஸ்காலர்ஷிப்பா?

"வைத்தியரய்யா, இந்தச் சர்க்கரை வியாதியை அடியோட ஒழிக்க எப்பத்தான் மருந்து வரும்?" நாடி பார்க்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

அதே வீட்டுப் பெண்ணோ பையனோ பிஎச்.டி. முடித்துவிட்டு, "இன்னும் மூணு வருஷம் சர்க்கரை நோய் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்றால் மட்டும், "இருபத்தொன்பது வயசாச்சு, இன்னும் என்ன ஸ்காலர்ஷிப்? ஒரு வேலையைப் பாரு" என்கிறோம். மருந்தும் வர வேண்டும், அதைத் தேடுகிறவர்கள் மட்டும் நம் வீட்டில் இருக்கக் கூடாது! இது என்ன நியாயம்?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் வாசல்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். ஆகவே இது நம் எல்லார் வீட்டு விஷயம்தான்.

நடுவழிச் சிக்கல்

பிஎச்.டி. என்பது ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொண்டதற்கான சான்றிதழ். அதுவரை வழிகாட்டியின் திட்டம், வழிகாட்டியின் பணம். பட்டம் வாங்கிய பிறகுதான் சொந்த யோசனையோடு இறங்க வேண்டும். சிக்கல் அங்கேதான். சொந்தமாகச் செய்து காட்டாதவருக்கு நிலையான வேலை கிடைப்பது கஷ்டம். வேலை இல்லாதவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பணம் இல்லாமல் எதைச் செய்து காட்டுவது?

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 'போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்' என்ற உதவித்தொகை. ஆய்வாளரின் மாதச் செலவுக்கு ஒரு தொகை தருவார்கள். ரசாயனம், சோதனை, பயணம் போன்றவற்றுக்குத் தனியாகத் தருவதும் உண்டு. இதைத் தானமாக நினைக்காதீர்கள். நாற்று நட்டபின் பாய்ச்சும் தண்ணீர் அது.

இன்சுலினுக்கு உதவிய பணம்

1921 கோடையில் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்துக் கணையச் சாற்றை ஆராயத் தொடங்கினார் பிரடெரிக் பான்டிங். வயது 29. துணைக்கு சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவர். ஆரம்பத்தில் இருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆய்வுக்கூடம் கொடுத்தவர் பேராசிரியர் மெக்லியாட்.

1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டிக்கொண்டது. சாற்றில் அவ்வளவு அசுத்தம்!

அதைச் சுத்தப்படுத்தியவர் ஜேம்ஸ் காலிப். வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த இளைஞர். ராக்பெல்லர் உதவித்தொகை கிடைத்ததால் விடுப்பு எடுத்துக்கொண்டு டொரான்டோ வந்திருந்தார். ஆல்கஹாலின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, வேண்டாதவற்றைப் பிரித்துத் தள்ளினார். ஜனவரி 23 அன்று அவர் தயாரித்த மருந்தைப் போட்டதும் பையனின் சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய மறைந்தே போனது. 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. பான்டிங் தன் பணத்தில் பாதியை பெஸ்டுக்கும், மெக்லியாட் தன் பணத்தில் பாதியை காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

காலிப்புக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போயிருந்தால்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மூலிகைக்கும் இதே கதைதான்

இன்று கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் மெட்பார்மின் மாத்திரையின் பூர்வீகம், ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. அதிலுள்ள சத்தின் தொடர்ச்சியாக, டப்ளினில் 1922-லேயே மெட்பார்மினைத் தயாரித்துவிட்டார்கள். ஆனால் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது 1957-ல். நடுவே 35 வருஷம் போய்விட்டது!

நம் சிறுகுறிஞ்சான், ஆவாரை, நாவல் கொட்டை எல்லாம் இப்படித்தான் காத்திருக்கின்றன. யாருக்கு, எந்த அளவில், எத்தனை நாள், ஆங்கில மாத்திரையோடு சேர்த்தால் என்னவாகும்? இதையெல்லாம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். அதுவரை யாரும் மூலிகையை நம்பி இன்சுலினைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

எங்கே கிடைக்கும்?

* மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வழங்கும் தேசிய ஃபெலோஷிப். இரண்டு வருஷம். வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் சலுகையும் உண்டு.

* மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் 'இந்தியா அலையன்ஸ்'. இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்து வருஷம்.

* குழந்தை, குடும்பம் என்று இடையில் நிறுத்திய பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'வைஸ்-கிரண்' திட்டங்கள்.

* அமெரிக்காவில், முதல் வகை நீரிழிவுக்காகவே இயங்கும் அமைப்பு ஒன்று உண்டு. முன்பு ஜே.டி.ஆர்.எஃப்.; 2024 முதல் 'பிரேக்த்ரூ டி1டி'. அமெரிக்க நீரிழிவு சங்கமும் இளம் ஆய்வாளர்களுக்காக 2013-ல் ஒரு தனித் திட்டம் தொடங்கியது.

தொகையும் கடைசித் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். 'வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெற்றோர் கவனிக்க

பிள்ளை விண்ணப்பிக்கப் போகிறதா? மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆய்வுக்கூடம் இடம் தருகிறது? அங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பணம் வரத் தாமதமானால் சில மாதம் சமாளிக்க வழி என்ன? மூன்றாவதற்கு மட்டும் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் கிடைக்காமல் போகலாம். போட்டி அதிகம், முதல் தடவையே கிடைப்பது அபூர்வம். அந்த நாளில் "நான் அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லாதீர்கள். காரணம் கேட்டு, திருத்தி, அடுத்த தடவை எழுதச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்க பொண்ணு சர்க்கரை நோய் ஆராய்ச்சி பண்றா" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அந்த வீட்டிலும் யாராவது ஒருவர் சர்க்கரை போடாத காபிதான் குடித்துக்கொண்டிருப்பார்!