கிளவுட் கேட் மென்பொருள்: கோவைப் பட்டறைகளுக்கு ஒரு வழிகாட்டி

டிராயிங்கும் முப்பரிமாண மாடலும் பட்டறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இல்லாமல், மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதுதான் கிளவுட் கேட். இதில் இரண்டு வகை உண்டு. ஆன்ஷேப் முழுக்க பிரவுசரில் ஓடுவது. கணினியில் எதையும் ஏற்ற வேண்டாம். நெட் நின்றால் வேலையும் நிற்கும். ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் இன்னொரு வகை. மென்பொருள் கணினியில் இருக்கும், கோப்புகள் கிளவுடில் இருக்கும், நெட் இல்லாமலும் இரண்டு வாரம் வரை ஓட்டலாம். இரண்டுமே புதுச் சரக்கு அல்ல. ஃபியூஷன் 2013இல் வந்தது. சாலிட்வொர்க்ஸை 1993இல் தொடங்கிய ஜான் ஹெர்ஷ்டிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் ஆன்ஷேப்பை வெளியிட்டார்கள். 2019இல் அதை பிடிசி நிறுவனம் வாங்கியது.

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ வட்டாரத்தில் ஒரு மோனோபிளாக் பம்ப் உருவாகும் விதம்தான் இந்த மென்பொருளை இங்கே கவனிக்க வைக்கிறது. பம்ப் கம்பெனி டிராயிங் போடும். பேட்டர்ன் ஓர் இடத்தில், வார்ப்பு இன்னோர் இடத்தில், லேத் வேலையும் விஎம்சி வேலையும் ஜாப் ஒர்க்காக வேறு இரண்டு இடங்களில் நடக்கும். ஒரே டிராயிங் நான்கைந்து கைகளுக்குப் போகிறது. பெரும்பாலும் பிடிஎஃப் ஆக, வாட்ஸ்அப்பில்.

முதல் வேலை: டிராயிங் போகும் வழியை எழுதுவது

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் டிராயிங் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். இம்பெல்லரை எடுத்துக்கொள்ளலாம். வேனின் தடிமனை 4 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆக மாற்றி ‘ரிவிஷன் பி’ போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டால், பேட்டர்ன் கடைச் சுவரில் ஒட்டியிருப்பது ‘ஏ’வா ‘பி’யா? ஃபவுண்டரி சூப்பர்வைசரின் போனில் இருப்பது எது? ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் நியூ’ என்று மூன்று கோப்புகள் உலாவும் இடத்தில் இதற்கு உறுதியான பதில் கிடைக்காது. பழைய டிராயிங்கில் வார்த்த இரும்பு மறுபடி உருக்கத்தான் போகும். மோல்டிங் கூலியும் கரண்ட் செலவும் திரும்பி வராது.

கிளவுட் கேட்டின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. விளம்பரங்கள் பெரும்பாலும் கணினி வேகத்தைப் பேசுகின்றன. சிறு பட்டறைக்கு அது இரண்டாம்பட்சம். இதில் அனுப்புவது கோப்பு அல்ல, ஓர் இணைப்பு. அதைத் திறப்பவர் பார்ப்பது சர்வரில் இருக்கும் அந்த ஒரே மாடலை. யார், எப்போது, எந்த அளவை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். வேண்டிய கட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். ‘சேவ்’ செய்ய மறந்து கரண்ட் போன கதையும் ஆன்ஷேப்பில் கிடையாது, ஒவ்வொரு மாற்றமும் உடனே சர்வரில் ஏறிவிடும்.

எழுதிப் பார்த்த தாளில் டிராயிங் ஒரே கூரைக்குள்தான் சுற்றுகிறது, ஒரே ஆள்தான் வரைகிறார் என்று தெரிந்தால், அந்தப் பட்டறைக்கு இப்போதைக்கு கிளவுட் தேவையில்லை. இலவசமான ஃப்ரீகேட் போன்ற மேசைக்கணினி மென்பொருளே போதும், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது.

ரகசியம் யாருடையது என்று பிரிப்பது

அடுத்து, பட்டறையில் இருக்கும் டிராயிங்குகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சொந்த டிசைன், வாடிக்கையாளர் கொடுத்தது, ராணுவத் தளவாட வேலை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் கோயம்புத்தூரும் ஒன்று என்பதால், மூன்றாவது வகை ஆர்டர் சிறு பட்டறைகளுக்கும் வரக்கூடும். அந்த டிராயிங்கை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த கிளவுடிலும் ஏற்றக் கூடாது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் டிராயிங் என்றால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்து, மூன்றாம் தரப்பு சர்வரில் வைப்பது பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படிக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது நல்லது.

இலவசத் திட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் வரையும் எல்லாமே பொதுவெளியில் இருக்கும். உலகத்தில் யாரும் தேடி எடுத்து நகல் செய்யலாம். போதாததற்கு அது வணிகப் பயன்பாட்டுக்கானதும் அல்ல. ஃபியூஷனின் தனிநபர் இலவச உரிமமும் தொழிலுக்கு ஆகாது. ஒரே நேரத்தில் பத்து கோப்புகளைத்தான் திருத்தக்கூடிய நிலையில் வைக்கலாம். அதிலிருந்து விஎம்சிக்கு எடுக்கும் புரோகிராமில் வேக நகர்வுகள் வெட்டும் வேகத்துக்குக் குறைந்துவிடும், தானாக டூல் மாறாது. இன்டர்ன்ஷிப்புக்கு வரும் கல்லூரி மாணவரின் கல்வி உரிமத்தில் ஆர்டர் வேலையை முடித்துக்கொள்வதும் விதிமீறல்தான். கற்றுக்கொள்ள இலவசம் நல்லது, இன்வாய்ஸ் போடும் வேலைக்கு அல்ல.

நெட்டையும் கரண்டையும் சோதிப்பது

பிரவுசர் வகையில் கனமான கணக்கை சர்வர் செய்யும். வடிவத்தைத் திரையில் வரைவது மட்டும் நம் கணினியின் வேலை. ஆகவே விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன் வேண்டாம், சுமாரான லேப்டாப்பே போதும். ஆனால் இணைப்பு அறுந்து அறுந்து வரக் கூடாது. பதிவிறக்க வேகத்தைவிட, ஒரு அளவை மாற்றியபின் சர்வரிலிருந்து பதில் வரும் தாமதம்தான் எரிச்சலூட்டும். சோதனையை வேலை நாளில், முற்பகல் 11 மணி வாக்கில், டிசைனர் உட்காரும் அதே மேசையில் செய்ய வேண்டும். வீட்டில் இரவில் பார்த்த வேகத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். ஜெனரேட்டர் போட்டுப் பட்டறை ஓடும். தெருமுனையில் இருக்கும் நெட் பெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்காது. வேறொரு நிறுவனத்தின் சிம்மில் ஹாட்ஸ்பாட் ஒன்றைத் தயாராக வைத்து, அந்த நாளிலேயே ஒரு முழு அசெம்பிளியைத் திறந்து பார்க்கலாம். அது ஒத்துவராத இடங்களில் ஃபியூஷன் வகையே பொருத்தம், அல்லது பழைய மென்பொருளையே தொடரலாம்.

ஒரே ஒரு பொருளில் ஒத்திகை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது தவறு. ஆர்டர் அவசரம் இல்லாத, ஆனால் பல கை மாறும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்யூட் கேசிங் நல்ல தேர்வு. வார்ப்பு, மெஷினிங் இரண்டும் அதில் உண்டு, அதன் வளைவுகள் மென்பொருளின் திறத்தைச் சோதிக்கும்.

முதலில் முடிந்த பாகத்தின் மாடலை உருவாக்கி, அதற்கு ஒரு பெயரிட்ட பதிப்பு போட வேண்டும். பிறகு அந்தப் பதிப்பிலிருந்து பேட்டர்ன் மாடலைத் தனியாகப் பிறப்பிக்க வேண்டும். சாம்பல் வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 சதவீதச் சுருக்க அனுமதி, மெஷினிங் பரப்புகளில் கூடுதல் தடிமன், பேட்டர்ன் உருவ வசதியாகச் சரிவு எல்லாம் இந்த இரண்டாவது மாடலில் சேரும். மூல மாடலில் பிறகு ஏதாவது மாறினால், பேட்டர்ன் மாடல் பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய பதிப்புக்கு மாறுவதை டிசைனர் பார்த்து ஏற்க வேண்டும். இந்த ஒரு வசதிக்காகவே வார்ப்பு வேலை உள்ள பட்டறைகள் கிளவுடை முயன்று பார்க்கலாம்.

ஒத்திகையின்போது பேட்டர்ன் கடைக்கும் ஃபவுண்டரிக்கும் ‘பார்க்க மட்டும்’ அனுமதி கொடுத்தால் போதும். அவர்களும் போனிலேயே மாடலைச் சுற்றிப் பார்த்து அளவெடுக்கலாம். வெளியாள் யாருக்கும் திருத்தும் அனுமதியோ, ஏற்றுமதி செய்யும் அனுமதியோ கொடுக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்ப எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போன பிடிஎஃப்பை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. ஆனாலும் லேத் முன்னால் எண்ணெய்க் கையோடு நிற்பவருக்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் பதிப்பு எண் பெரிதாக அச்சாகி, பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் பழக்கம் இருந்தால் போதுமானது. எந்த மென்பொருளும் இதை நமக்காகச் செய்யாது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். டிசைனரின் சொந்த ஜிமெயிலில் கணக்கு திறந்து, அவர் வேறு கம்பெனிக்குப் போனபின் மாடல்களுக்காக அவருக்கே போன் போட்டுக் கெஞ்சும் நிலை வரக் கூடாது. கம்பெனி மின்னஞ்சல், கம்பெனி போன் எண், நிர்வாகி உரிமை முதலாளியிடம்.

செலவு

ஒருமுறை வாங்கிப் பத்து ஆண்டு ஓட்டும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆட்டோடெஸ்க் புதிய நிரந்தர உரிமம் விற்பதை 2016லேயே நிறுத்தியது. ஆகவே சந்தாவை ஒரு மாதக் கணக்கில் பார்க்காமல் ஐந்தாண்டுக் கணக்கில் போட வேண்டும். ஒரு பக்கம் சந்தா, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி (உள்ளீட்டு வரவு கிடைக்கும்), இரண்டாவது நெட் இணைப்பு. மறுபக்கம் ஒர்க்ஸ்டேஷன், அதன் பராமரிப்பு, பேக்கப் டிஸ்க். வலிமைச் சோதனை போன்ற சில கணக்குகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். ஊரில் இன்னும் ஓடும் திருட்டு நகல்களை ‘செலவே இல்லை’ என்று எழுதிக்கொள்வது கணக்கு ஆகாது. உரிமம் கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் அதன் விலை தெரியும்.

வெளியேறும் வழியைத் திறந்தே வைப்பது

கிளவுடின் பெரிய குறை நெட் போவது அல்ல, அது அரை நாள் தொந்தரவு. சாவி இன்னொருவர் கையில் இருப்பதுதான் பெரிய குறை. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை அடுத்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. வக்கீல் வைத்து டெல்லிக்குப் போகும் வலு சிறு பட்டறைக்கு இல்லை. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 2020 செப்டம்பரில் ஃபியூஷனின் இலவச உரிமத்திலிருந்து ஸ்டெப் கோப்பு ஏற்றுமதியை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. பயனர்கள் கொதித்ததும் அதை விட்டுவைத்தார்கள்.

எனவே ஒவ்வொரு பதிப்பு வெளியிடும்போதும் மூன்று கோப்புகளை இறக்கிப் பட்டறையின் சொந்த டிஸ்க்கில் வைக்க வேண்டும்: ஸ்டெப், டிராயிங்கின் பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப். ஆன்ஷேப், சாலிட்வொர்க்ஸ் இரண்டும் பாராசாலிட் என்ற ஒரே அடித்தளத்தில் இயங்குபவை என்பதால் அந்த வடிவத்திலும் ஒரு நகல் வைக்கலாம். இவற்றில் வடிவம் மட்டுமே வெளியே வரும். எந்த ஸ்கெட்சிலிருந்து எந்த அளவு பிறந்தது என்ற வரலாறு சர்வரிலேயே தங்கிவிடும். இம்பெல்லர் வேனின் கோணத்தை மாற்றினால் மற்றவை தானாக மாறும் வசதி, வேறு மென்பொருளில் திறந்த ஸ்டெப் கோப்பில் இருக்காது. அதனால் முக்கியமான அளவுகளையும் சூத்திரங்களையும் தனியாக ஒரு எக்செல் தாளில் எழுதி வைப்பது பயன்படும். ஆண்டுக்கு ஒருமுறை, இறக்கிவைத்த கோப்புகளில் ஒன்றை ஃப்ரீகேட்டில் திறந்து, இரண்டு மூன்று அளவுகளைச் சரிபார்த்தால் பேக்கப் உண்மையிலேயே பேக்கப்தானா என்று தெரியும். சந்தா நின்ற மறுநாள் கோப்புகளைப் பார்க்கலாமா, இறக்கலாமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் படித்துவிட வேண்டும்.

பீரோவில் கிடக்கும் பழைய ஆட்டோகேட் கோப்புகளையும் தாள் டிராயிங்குகளையும் மொத்தமாக மாற்ற உட்கார்ந்தால் டிசைனருக்கு வேறு வேலை நடக்காது. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஏதாவது ஒரு மாடலுக்கு மறு ஆர்டர் வரும்போது, பேட்டர்னைத் தொடும் நிலை வந்தால் மட்டும் அந்த ஒன்றை முப்பரிமாணத்தில் வரைந்து, வார்த்த பாகத்தோடு அளவைச் சரிபார்த்து, புதிய பதிப்பு எண்ணோடு ஏற்றினால் போதும்.