கையால் செய்த பொங்கல் வாழ்த்து

தை பிறக்குமுன்னே கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. கரும்பும் காளையும் அச்சிட்ட அட்டையை வாங்கி, அடியில் பெயரெழுதி அனுப்பினார்கள். இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஒரே படம் நூறு பேருக்கு நொடியில் போய்விடுகிறது.

இவ்வழக்கம் புதிதன்று. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர் பலருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து 1,000 படிகள் அச்சிட்டார். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அதுவே என்பர். அச்சு, பலருக்கும் ஒன்றைத் தருவது. ஒருவருக்கென்றே ஒன்றைச் செய்யக் கைதான் வேண்டும்.

ஓராண்டு என் ஆயாவுக்குக் கடையில் வாங்கிய அட்டை ஒன்றை அனுப்பினேன். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. படித்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கோ அதிலிருந்த ஆங்கில வரிகள் புரியவில்லை. அடுத்த பொங்கலுக்கு நானே செய்வதென்று துணிந்தேன். அதில் கற்றவற்றை இங்கே கூறுகிறேன்.

தாள்: சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாள் ஏற்றது. தாளுக்கும் மரம்போல் இழையோட்டம் உண்டு. இருபுறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும் போக்கே இழையின் போக்கு. மடிப்பு அப்போக்கில் அமையுமாறு வெட்டினால் ஓரம் வெடிக்காது.

எடை: 210 மி.மீ. நீளமும் 148 மி.மீ. அகலமும் உள்ள துண்டு ஏறக்குறைய 8 கிராம். எழுதும் தாள் ஒன்றில் செய்த உறை 5 கிராம். தபாலில் முதற்கட்டணம் 20 கிராம் வரைதான். ஆகவே அலங்காரத்துக்கு 7 கிராமே மிச்சம்.

அலங்காரம்: நம் மாவட்டத்தில் விளைவதே போதும். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதை அறிவோம். அந்துப்பூச்சி துளைத்து வெளிவந்த கூட்டில் இழை அறுபட்டிருப்பதால் அதை முழு நூலாக நூற்க முடியாது. அதை வெட்டிச் சாயமேற்றினால் அழகிய பூவிதழாகும். ஆனால் தபால் முத்திரை குத்தும்போது நசுங்கும். நேரில் கொடுக்கும் அட்டைக்கே அது பொருந்தும்.

ஆயாவுக்கு நான் தேர்ந்தது ராகிக் கதிர். கதிரின் உருவை வரைந்து, அதன்மேல் ராகி மணிகளை ஒட்டினேன். முதல் முயற்சியில் மைதாப் பசை. இரண்டே நாளில் எறும்பு மொய்த்தது. புத்தகம் கட்டுவோர் இதற்காகவே பசையில் மயில்துத்தம் கலப்பர். அது நஞ்சு, கையில் தொட்டுப் பார்க்கும் அட்டைக்கு ஆகாது. எனவே மணிகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். உறையில் தபால்தலை வலப்புற மேல்மூலையில் வருமாதலால், கதிரை இடப்புறம் கீழே அமைத்தேன்.

வாசகம்: இதுவே கடினமான பகுதி. 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்பதை யாருக்கும் எழுதலாம். பெறுபவர் மட்டுமே அறிந்த செய்தி ஒன்று வேண்டும். பிறர் படித்துக் கேட்பவராயின், பேசுவதுபோல் எழுதவேண்டும். நான் எழுதியது இவ்வளவே: "ஆயா, நீ புடிச்சுக் குடுத்த ராகி உருண்டைய ஹாஸ்டல்ல எட்டுப் பேர் பங்கு போட்டுத் தின்னோம். எனக்கு ஒண்ணுதான் கெடச்சுது."

பொங்கலன்று ஊருக்குப் போனேன். அட்டை சாமி படத்தருகே இருந்தது. ஆயா அதை எடுத்து மணிகளைத் தடவியபடி, "நம்ம கொல்லைக் கேவுரா இது?" என்றார். பையனை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். நான் விடுதிக்குத் திரும்பும்போது உருண்டை டப்பா முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

நண்பர்களே, நூறு பேருக்கு வேண்டாம். இந்தத் தைக்கு ஒருவருக்குச் செய்து பாருங்கள்.