சமையல் மேடையும் வேதியியலும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

வீடு கட்டுவோர் சமையல் மேடைக்குக் கல் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்க்கின்றனர். அக்கல் எதனால் ஆனது என்று கேட்பவர் சிலரே. ஆனால் மேடையின் ஆயுளைத் தீர்மானிப்பது அக்கேள்வியே ஆகும். புளியில் டார்ட்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. இவை நாள்தோறும் சிந்தும் இடம் சமையல் மேடை.

சுண்ணாம்புக் கற்கள்

ஆந்திரத்துக் கடப்பைக்கல் கறுப்பு. ராஜஸ்தானத்து மக்ரானா சலவைக்கல் வெண்மை. எனினும் வேதியியல் நோக்கில் இவை உறவினர்களே. இரண்டிலும் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டுக் கரைகிறது. மெருகு போய் மங்கிய தடம் விழுகிறது. இது கறையன்று, கல்லே அரிக்கப்பட்ட வடு. எனவே சோப்பால் தேய்த்துப் போக்க இயலாது. மீண்டும் மெருகேற்ற வேண்டும். இதன் கனிமமான கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3 மட்டுமே. கத்தியும் எளிதில் கீறும்.

கிரானைட்

இதிலுள்ள குவார்ட்சின் கடினம் 7. ஃபெல்ஸ்பாரின் கடினம் 6. சமையலறை அமிலங்கள் இதனை எளிதில் தாக்குவதில்லை. ஆயினும் நுண்துளைகள் வழியே எண்ணெய் இறங்கலாம். மேடைமீது சில துளி நீர் விட்டுச் சற்று நேரம் பாருங்கள். அவ்விடம் கருத்தால் பாதுகாப்புப் பூச்சு பூசவேண்டும்.

கடைக்காரர் சொல்லும் பெயரில் ஐயம் எழுந்தால், வெட்டி எறிந்த துண்டு ஒன்றின் மெருகிட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாறு விட்டு, அரைமணி கழித்துக் கழுவிப் பார்க்கலாம். பளபளப்பு மங்கினால் அது சுண்ணாம்புக் கல்.

செயற்கைக் குவார்ட்ஸ்

குவார்ட்ஸ் தூளை ரெசினால் பிணைத்துச் செய்யும் பலகை இது. பெரும்பாலானவற்றில் சுமார் 90 விழுக்காடு குவார்ட்ஸ் உண்டு. கறை எளிதில் படியாது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைத்தால் ரெசின் கெடும். இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. இதனை அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிச் 'சிலிக்கோசிஸ்' நோயை உண்டாக்குகிறது. அதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இக்காரணத்தாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளைத் தடைசெய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு என்பதை மறத்தலாகாது. எக்கல்லாயினும் நீர் விட்டு அறுக்கச் செய்வதும், அறுப்பவருக்குத் தகுந்த முகக்கவசம் இருத்தலும் இன்றியமையாதன. ஈரத்துணி கட்டிக்கொள்வது போதாது.

பராமரிப்பு

1. புளிநீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுக.
2. மென்மையான சோப்புநீரே போதும். கழிவறை கழுவும் ஆசிட்டை மேடையில் ஊற்றலாகாது. சுண்ணாம்புக் கல்லையும், இணைப்புகளிலுள்ள சிமெண்டையும் அது அரிக்கும்.
3. சூடான பாத்திரத்தின் கீழ் மனையோ பிரிமணையோ வைக்கவும்.

கடப்பைக்கல்லே வாங்க இயன்ற குடும்பம் அதனால் வருந்த வேண்டியதில்லை. அதன் இயல்பறிந்து துடைத்து வந்தால் நெடுங்காலம் உழைக்கும். ஆய்வுக்கூடத்தில் குழாயில் கண்ட கார்பனேட் சோதனையை அடுக்களையிலும் நினைவிற் கொண்டால், ஒருமுறை செலவிட்ட பணம் வீணாகாது. கல் அறுப்பவரின் மூச்சும் காக்கப்படும்.