ஏரியும் நீர்க்கட்டியும்

சிவில் பிரிவில் நாம் படிக்கிற ஸ்லூயிஸும் சர்ப்ளஸ் வியரும் ஏரிப்பாசனக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஊரில் அவற்றுக்கு மடை, கலங்கல் என்று பெயர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரியை விட்டால் ஊரே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால்தான் நவரை நடவு நடக்கும். ‘ஏரி கோடி போவுது’ என்று யாராவது சொன்னால் ஊரே கரைக்கு ஓடும்.

இந்தப் பகுதி உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியிலேயே படித்தோம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை போட்டு ஆள் எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. (இன்றைக்கும் தேவையான சட்டம்தான்!) ஆனால் உறுப்பினராக வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் என் தாத்தாவுக்கு அந்த வாரியத்தில் இடமே கிடைத்திருக்காது. அவர் எங்கள் ஊர் நீர்க்கட்டி.

மடையைத் திறப்பதும் மூடுவதும் நீர்க்கட்டி வேலை. பழைய மடையில் அடைப்புக்கட்டையை எடுக்க ஏரித் தண்ணிக்குள் முங்கணும். இராத்திரியில் மண்வெட்டியோடு வாய்க்கால் முழுக்க நடந்து, எந்தக் கழனி நிரம்பியது, எங்கே மடை உடைந்தது என்று பார்க்கணும். தண்ணி குறைந்தால் முறை வைப்பார்கள். அப்போது கடைமடைக்காரருக்கும் பங்கு போய்ச் சேர வேண்டும். மேல்மடைக்காரர் திட்டினாலும் அவர் வாய்க்காலை அடைத்தே ஆகணும். நீர்க்கட்டிக்குச் சொந்தக் கழனி கிடையாது, அதனால்தான் அவர் பங்கு வைத்தால் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. நியாயம் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நிலம் மட்டும் கூடாது! கூலியும் பணமாக வராது. அறுவடையில் எல்லாரும் அளந்து முடித்த பிறகு களத்துமேட்டில் மரக்கால் கணக்கில் நெல் கொடுப்பார்கள்.

குடிமராமத்து வேலைக்கு வெள்ளைக்காரர் 1858-இல் சட்டமே போட்டார்கள். பிறகு பம்புசெட் வந்தது. 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு ஏரி முறை எதற்கு? கிணறில்லாத சின்னக் கழனிக்காரர்தான் மடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். களத்து நெல்லும் குறைந்துபோனது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்து, பல ஏரிகளில் கரையும் மடையும் சீரானது. எங்கள் மடையிலும் இப்போது ஷட்டர் இருக்கிறது. அதைத் திருகும் கைப்பிடி யார் வீட்டில் இருப்பது என்பதில்தான் வருஷா வருஷம் சண்டை.

எந்த மடையை முதலில் திறந்தால் கடைசிக் கழனிக்கு ஏறும் என்பது தாத்தாவுக்கு டம்பி லெவல் இல்லாமலே தெரியும். போன லீவில் அவரோடு நடந்து வாய்க்கால் வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது வாய்க்கால் மட்டும் பாதியில் நிற்கிறது. அதற்கு மேலே வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள்.