இல்லப் பெற்றோரின் முதல் வாரங்கள்



பள்ளிப் படிப்பு முடிந்தபின் என்ன பணிக்குச் செல்வீர்கள் என்று கேட்டால் ஆசிரியை, செவிலி, வங்கி அலுவலர் என்று பல விடைகள் வரும். குழந்தைகள் இல்லத்தில் இல்லத்தாயாகப் போகிறேன் என்று சொல்பவர் அரிது. எங்களுள் ஒருவர் இப்பள்ளியில் பயின்றவரே; அவருக்கும் அன்று அது தோன்றியதில்லை. திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்து, திண்டுக்கல்லுக்கு வெளியே மானாவாரிக் காடுகளின் நடுவே உள்ள ஒரு சிறிய இல்லத்தில், 6 முதல் 12 வயதுள்ள 14 சிறுவர்களுக்கு இல்லப் பெற்றோராகச் சேர்ந்தோம். இப்பணியைத் தொடங்குவோர் அறிய வேண்டியவற்றில் நாங்கள் படித்ததையும் பட்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

இத்தகைய இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அனாதைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். நாங்களும் அப்படி எண்ணித்தான் போனோம். போய்ப் பார்த்தால் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ பாட்டியோ இருக்கிறார்கள். தாய் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறார். அல்லது தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அல்லது திருப்பூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் குடும்பத்தையே முதலில் வைக்கிறது. பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. வேறு வழியெல்லாம் பார்த்த பின்னரே இல்லம். ஆகவே புதிதாக வரும் இல்லத்தாய் காலியான நாற்காலியில் உட்காரப் போவதில்லை. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

இது முதல் நாளே, எங்களை எப்படி அழைப்பது என்ற கேள்வியில் வந்து நின்றது. 'அம்மா' என்று சொல்லச் சொன்னால் சிலருக்கு வாய் வரவில்லை. 'அத்தை, மாமா' என்றால் பெண் கொடுக்கும் முறையாகிவிடும் என்று பெரிய பையன்கள் சிரித்தார்கள். கடைசியில் சித்தி, சித்தப்பா என்று நிலைத்தது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், 1901ஆம் ஆண்டு முதல் பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இல்லத்திலும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் 'அக்காள்' என்றும் 'சித்தி' என்றும் அழைக்கப்பட்டார்கள் என்பதைப் பின்னர் படித்தோம். தாயின் இடத்தைப் பறிக்காமல் தாய்க்கு அருகில் நிற்கும் சொல் நம் மொழியில் ஆயத்தமாகவே இருக்கிறது.

நம் சகோதரிகள் புனித தொன் போஸ்கோவைப் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அவருடைய தாய் மார்கரீத்தா அம்மையாரைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை என்பது எங்கள் சிறு குறை. 1846ஆம் ஆண்டு நவம்பரில், கடும் நோயிலிருந்து எழுந்த மகனுடன் பெக்கி என்னும் சிற்றூரிலிருந்து தூரின் நகருக்கு அவர் நடந்தே வந்தார். வயது 58. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண். தம் திருமண உடைகளைத் திருப்பலி உடைகளாகத் தைக்கக் கொடுத்தார்.

தாயும் மகனும் வீடற்ற இளைஞர் சிலரை முதன்முதலாக வைக்கோல் பரணில் உறங்க வைத்தபோது என்ன நடந்தது தெரியுமா? விடிந்து பார்த்தால் ஆட்களும் இல்லை, போர்வைகளும் இல்லை! ஆயினும் 1847ஆம் ஆண்டு மே மாதம், மழை பெய்த ஓர் இரவில், தொப்பலாக நனைந்து வந்து கதவைத் தட்டிய ஏறத்தாழ 15 வயதுக் கொத்து வேலைப் பையனை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அம்மையார் அடுப்பருகே உட்கார வைத்துச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். உடைந்த செங்கற்களைப் பொறுக்கி வந்து, அவற்றின்மேல் பலகை போட்டுச் சமையலறையிலேயே படுக்கை அமைத்தார். உழைப்பைப் பற்றியும் இறைப்பற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிச் செபிக்க வைத்தார். பிறகு பாத்திரங்கள் போய்விடக் கூடாதே என்று சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். உலகெங்கும் சலேசிய இல்லங்களில் உறங்குமுன் சொல்லப்படும் 'இரவு வணக்க' உரையின் தொடக்கம் அதுவே என்பார்கள். எங்களுக்கு அந்தப் பூட்டுத்தான் அதிகம் பிடித்தது. அன்பு இருந்தது; அச்சமும் இருந்தது; இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

சில ஆண்டுகளில் அவருக்கே பொறுக்கவில்லை. பையன்கள் போர் விளையாட்டில் அவருடைய காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்தார்கள். உலர்த்திய துணிகளை மண்ணில் தள்ளினார்கள். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று மகனிடம் முறையிட்டார். மகன் பதில் சொல்லாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அம்மையார் தங்கிவிட்டார். 1856ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

மேலும் ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக இலண்டனில் ஹாம்ப்ஸ்டெட் என்னுமிடத்தில் அன்னா பிராய்டு, டோரதி பர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகள் இல்லங்கள் நடத்தினர். தொடக்கத்தில் எல்லாப் பணிப்பெண்களும் எல்லாக் குழந்தைகளையும் கவனித்தார்கள். உணவுக்கும் சுத்தத்துக்கும் குறைவில்லை. பின்னர் நாலைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று சிறு சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்தார்கள். உடனே அமைதி குலைந்தது! இவர் என் ஆள் என்று குழந்தைகள் அடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு நாள் விடுமுறை எடுத்தாலும் அழுது தீர்த்தார்கள். ஆனால் அதுவரை பேச்சிலும் பழக்க வழக்கங்களிலும் பின்தங்கியிருந்தவர்கள் விரைவாக முன்னேறினார்கள். அமைதியான இல்லமே நல்ல இல்லம் என்று பார்வையாளர் நினைப்பதுண்டு. ஒருவர் போனாலும் வந்தாலும் ஒன்றுதான் என்று இருக்கும் பிள்ளை அமைதியாகத்தான் இருப்பான்.

ஆகவே பணிக்குச் சேர்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எத்தனை நாள் இருப்போம் என்பதே. எங்களுக்கு முன் இருந்தவர்கள் ஓராண்டில் மூவர் என்று அறிந்தோம். ஒரு சிறுவன் தினமும் படுக்கப் போகும்போது, "சித்தி, நாளைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்பான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று சில நாள் நினைத்தோம்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அவனுடைய தாய் ஞாயிறன்று வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்களும், "அம்மா கட்டாயம் வருவாங்க" என்று சொல்லிவிட்டோம். அன்று ஆலையில் வேலை வந்துவிட்டது. அவரால் வர இயலவில்லை. காலைப் பூசையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல், பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். சோறு வேண்டாம் என்றான். தாயின்மேல் அவனுக்குக் கோபமில்லை, எங்கள்மேல்தான். அதன்பின் நாங்கள் சொல்வதைப் பல வாரங்கள் அவன் நம்பவில்லை. இப்போது, "வருவதாகச் சொல்லியிருக்காங்க. வரலைன்னா போன் போட்டுக் கேட்போம், நீயும் பேசலாம்" என்கிறோம். நாங்கள் ஊருக்குப் போகும்போதும், "ரெண்டு நாளில்" என்று சொல்வதில்லை. "செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு" என்கிறோம். அந்த வேளைக்கு வந்தும்விடுகிறோம். பஸ் கிடைக்காமல் வத்தலக்குண்டிலிருந்து ஒருமுறை ஆட்டோவில் வந்திருக்கிறோம்!

அடிப்பதைப் பற்றிப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. "நாலு சாத்து சாத்துங்க" என்று தகப்பன்மாரே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இல்லத்தில் உடல் தண்டனை கூடாது என்று சட்டத்தின் 82ஆம் பிரிவு சொல்கிறது. முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சட்டம் இருப்பது நல்லதே. அடி வாங்கியே வந்த பிள்ளை, இவர்களும் அடிப்பார்களா என்று சோதித்துப் பார்ப்பான். அந்தச் சோதனை முடிகிற வரையில் பொறுத்திருப்பதுதான் முதல் வாரங்களின் கடினமான வேலை.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பணி புதிதன்று. இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் மருத்துவம் படித்துத் தேர்ந்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சின்னாளப்பட்டி அருகே 1947ஆம் ஆண்டு காந்திகிராமத்தைத் தொடங்கினார். மருத்துவமனை, பள்ளிகளோடு ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இடம் அமைந்தது. பேருந்தில் அவ்வழியே போகும்போது ஒருநாள் இறங்கிப் பாருங்கள்.

பூட்டைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? முதல் வாரத்தில் நாங்களும் சாமான் அறையைப் பூட்டித்தான் வைத்தோம். ஒருநாள் ஒரு பாயைச் சுற்றி எறும்புச் சாரை. தூக்கிப் பார்த்தால், காகிதத்தில் பொதிந்த இட்லித் துண்டுகளும் வறுத்த கடலையும். மறுநாளுக்குக் கிடைக்காதோ என்று எடுத்து வைத்திருக்கிறான். நாங்கள் கண்டிக்கவில்லை. அன்றிலிருந்து இரவில் கூடத்து மேசையில் ஒரு கூடை நாட்டு வாழைப்பழம் வைக்கிறோம்; யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுக்கலாம். முதல் சில நாள் விடியும்முன் கூடை காலி. பாய்களுக்கடியில் கறுத்த தோல்கள்! ஒரு மாதம் போனபின் ஒருநாள் காலையில் எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பழங்கள் மீதியிருந்தன.