காட்டின் எல்லையும் அயலவரின் குரலும்

உடப்புசல்லாவை பஸாரில் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்த காலம். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தோட்டத்து அக்கா ஒருவர் மடித்த கடதாசியொன்றை நீட்டி, "மொதலாளி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். யாரோ ஒருவர் அலுவலகச் சுவரில் பார்த்துப் பிரதி எடுத்துக் கொடுத்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது.

வாப்பா நிதானமாக வாசித்தார். தோட்டத்துக்கு மேலேயுள்ள காட்டை எப்படிப் பராமரிப்பது என்று திட்டம் போடுகிறார்கள். பொதுமக்கள் தம் கருத்துகளை எழுதி அனுப்பலாம் என்றிருந்தது. கடைசித் திகதியைப் பார்த்த வாப்பாவின் முகம் மாறியது. "தங்கச்சி, இது போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிட்டே."

அந்த அக்கா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப இனி வெறகுக்கு நாங்க எங்க மொதலாளி போறது?" என்று கேட்டார். வாப்பாவிடம் பதில் இருக்கவில்லை.

இன்று நான் ஓர் ஆசிரியை. பாதுகாக்கப்பட்ட நிலங்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. காக்கும் திட்டத்தை வகுக்கும்போது யாரைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நம்மைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட நிலங்கள்

நுவரெலியா மாவட்டத்தில் வாழும் நாம் காடுகளின் அயலவர்கள். ஒரு பக்கம் ஹக்கல கடும் இயற்கை ஒதுக்கம். இன்னொரு பக்கம் 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளி. மேற்கே, நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாதமலையைச் சுற்றிய வனம். ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலை வனமும் நக்கிள்ஸ் மலைக்காடுகளும் சேர்ந்து 2010இல் 'மத்திய மலைநாடு' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் இந்த உயர்நிலக் காடுகளும் புல்வெளிகளுமே ஊற்று. நம் வீட்டுக் குழாயிலும் லயத்துப் பீலியிலும் வரும் நீர் மேலேயுள்ள ஏதோ ஒரு காட்டின் கொடை.

இந்த நிலங்களில் சிலவற்றை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் சிலவற்றை வனப் பாதுகாப்புத் திணைக்களமும் பொறுப்பேற்றுள்ளன. எங்கே நடக்கலாம், எதை எடுக்கலாம், எந்தப் பாதையை மூடலாம், யானையும் சிறுத்தையும் வெளியே வந்தால் என்ன செய்யலாம் என்பவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதுவதே முகாமைத் திட்டம். நிலத்தை 'பாதுகாக்கப்பட்டது' என அறிவிப்பது ஒரு நாள் வேலை. அதை எப்படிப் பராமரிப்பது என்பது பல்லாண்டு வேலை. மக்களின் குரல் அதிகம் தேவைப்படுவதும் இந்தப் பல்லாண்டு வேலைக்குத்தான்.

மேலிருந்து வந்த கோடுகள்

கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கக்கூடாது என்று பிரித்தானிய அரசு கட்டளையிட்டது. அந்தக் கட்டளையால் பெரும் நன்மை விளைந்தது என்பதை மறுக்க முடியாது. 1907இல் வனக் கட்டளைச் சட்டமும் 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. ஆனால் அந்தக் கோடுகளுக்குக் கீழே லயங்களில் வாழ்ந்த தொழிலாளரையோ, காட்டோரத்துச் சிங்களக் கிராமத்தவரையோ அழைத்துக் கேட்டு எவரும் கோடு வரையவில்லை. காடு அரசுக்கு, தேயிலை கம்பனிக்கு, உழைப்பு தொழிலாளிக்கு என்பதே அன்றைய முறை. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் நம்மிடையே இருக்கிறது.

அயலவரை மறந்தால் நேர்வது

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் சில நாட்களில் அது இறந்துவிட்டது. நாடே வருந்தியது. சிறுத்தைக்கென்று யாரும் சுருக்கு வைப்பதில்லை. மரக்கறிப் பாத்தியை ஓரிரவில் உழுதுவிடும் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை சிக்குகிறது. சுருக்கு வைப்பது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாத்தியை இழப்பவருக்கு வேறு வழி என்ன என்று கேட்காத திட்டம் சிறுத்தையையும் காப்பாற்றாது, பாத்தியையும் காப்பாற்றாது. பூங்காவின் எல்லைக் கல்லைச் சிறுத்தை அறியாது. அது தேயிலை மலைகளுக்குள்ளேதான் நடமாடுகிறது. ஆகவே அதைக் காக்கும் திட்டத்தில் தோட்ட மக்களும் இருந்தாக வேண்டும்.

நமது சமூகத்துக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் வடக்கில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட மன்னார் முசலிப் பகுதி முஸ்லிம்கள், போர் முடிந்து திரும்பியபோது தம் ஊர்களைக் காடு மூடியிருந்தது. 2017 மார்ச்சில் வில்பத்துக்கு வடக்கேயுள்ள காடுகள் 'மாவில்லு' பாதுகாப்பு வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. எங்கள் காணிகளும் அதற்குள் அடங்கிவிட்டன என்று மறிச்சுக்கட்டி மக்கள் போராடினார்கள். மீள்குடியேற்றம் என்ற பெயரில் காடு அழிக்கப்படுகிறது என்று சூழலியலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்கக் காட்டை வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

இரு தரப்பின் கவலையிலும் உண்மை இருக்கிறது. காடு நாட்டுக்குத் தேவை. ஊரை இழந்தவருக்கு ஊர் தேவை. கோடு வரையும் முன்பே ஊர் மக்களும் திணைக்களமும் சூழலியலாளரும் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்து, பழைய பள்ளிவாசல் எங்கே, கிணறு எங்கே, வயல் எங்கே என்று குறித்திருந்தால் கசப்பு இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

கேட்டபோது நடந்தது

1970களில் சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கள் மரம் வெட்டத் தொடங்கின. அறிஞர்களும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பினால் அது 1977இல் நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையானது. அதைச் சுற்றிக் கித்துல் பாணி காய்ச்சியும் பிரம்பு சேகரித்தும் வாழ்ந்த கிராமங்கள் இருந்தன. இன்று அங்கே போகிறவர்களுக்குக் காட்டைக் காட்டி விளக்குபவர்களில் அக்கிராமத்து இளைஞர்களும் உண்டு. காட்டால் பிழைப்பவர் காட்டுக்குக் காவலாகவும் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

நேபாளம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1996இல் அங்கு வந்த விதிகளின்படி, பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 வீதம் வரை சுற்றியுள்ள மக்களின் அபிவிருத்திக்குச் செலவிடலாம். எதற்குச் செலவிடுவது என்பதில் அம்மக்களின் குழுக்களுக்குப் பங்குண்டு.

நமது மார்க்க வரலாற்றிலும் இதற்கு வேர் இருக்கிறது. பொது நன்மைக்காக ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாளராக ஒருவரை நியமித்தபோது கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவரை உள்ளே விடும்படியும், பெரும் மந்தை வைத்திருக்கும் செல்வந்தர் விடயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் சொன்னார்கள். செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் பயிரும் இருக்கும். ஏழையின் மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு வந்து நிற்பார் என்பது அதற்குக் காரணம். அது அம்மக்களின் நிலம் என்பதையும் அவர்கள் நினைவூட்டினார்கள். நிலத்தை ஒதுக்கினாலும் அதை நம்பி வாழும் எளியவரை மறக்கலாகாது என்ற பாடம் இதில் இருக்கிறது.

பங்கேற்பு ஏணி

மக்களைக் கேட்பதிலும் பல வகை உண்டு. 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் மக்களைக் கூட்டி உட்கார வைத்துச் சம்மதம் வாங்குவார்கள். அது பங்கேற்பே அல்ல. நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள். முடிவு மட்டும் ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்கும். மேற்படிகளில்தான் மக்கள் முடிவெடுப்பதில் கூட்டாளிகளாகிறார்கள்.

வாப்பாவின் கடைக்கு வந்த அந்தக் கடதாசியை இந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். பெயரளவில் அது 'கருத்துக் கேட்டல்'. வாசிக்க முடியாத மொழியிலும் முடிந்துபோன திகதியிலும் வந்ததால், அந்த அக்காவுக்கு அது எந்தப் படியும் அல்ல.

சட்டம் திறந்து வைத்துள்ள கதவுகள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவை. அது பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதைச் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். தேசிய ஒதுக்கமொன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன்னனுமதி வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச அலுவலகங்களிடமுள்ள திட்டங்களையும் வரைபடங்களையும் தமிழிலேயே விண்ணப்பித்துக் கேட்கலாம்.

2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில், அக்கிராம மக்கள் சிலரின் மனுவை ஏற்ற உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களைப் பேணுமாறு மக்கள் அரசிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், அரசு அவற்றின் காவலர் என்ற கருத்தை வலியுறுத்தியது. ஒப்படைத்தவர் கணக்குக் கேட்பது தவறாகாது. இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

30 நாள் ஏற்பாடு அபிவிருத்தித் திட்டங்களுக்கானது. காடுகளின் முகாமைத் திட்டங்களுக்கும் அதே ஒழுங்கு, தோட்ட மக்கள் அறிந்த மொழியில், வழக்கமாக வேண்டும் என்பதே என் வாதம்.

நாம் செய்யக்கூடியது

ஒரு தவணை விடுமுறையில் என் மாணவியர் சிலரிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். அருகிலுள்ள லயங்களுக்குப் போய், நீர் எங்கிருந்து வருகிறது, விறகு எங்கே பொறுக்குகிறீர்கள், எந்த மாதத்தில் பன்றி இறங்குகிறது என்று பெரியம்மாக்களிடம் கேட்டு வரைபடம் வரையச் சொன்னேன். பிள்ளைகள் வியந்துபோய்த் திரும்பினார்கள். எந்த ஊற்று மாசி மாதத்தில் வற்றும், எந்தப் பாறையடியில் சிறுத்தைத் தடம் தெரியும் என்று அப்பெண்கள் விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார்களாம். "நாங்க பச்ச மரத்துல கை வைக்கிறதில்ல புள்ள, சுள்ளிதான் பொறுக்குவோம்" என்று ஒரு பாட்டி சொன்னதையும் எழுதி வந்தார்கள். 2022இல் எரிவாயு கிடைக்காதபோது பஸாரில் இருந்த நாமும் அதே சுள்ளிக்கு அலைந்தோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கருத்துக் கேட்டு அறிவித்தல் வந்தால் நான்கு விடயங்களை எழுதுங்கள். நீங்கள் யார், அந்த நிலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வாழ்கிறீர்கள்? அந்த நிலத்தை எதற்காக, எப்போது பயன்படுத்துகிறீர்கள்? திட்டத்தின் எந்தப் பகுதி யாருக்கு, எவ்வாறு பாதிப்பாகும்? அதற்குப் பதிலாக நீங்கள் முன்வைக்கும் வழி என்ன? கோபத்தை மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும். இடம், மாதம், அளவு சொல்லி எழுதினால் பதில் சொல்ல வேண்டி வரும். பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகள் மூன்று மொழிகளையும் கற்கிறாள் என்றால், அது பரீட்சைக்கு மட்டுமல்ல. பிரதேச செயலகச் சுவரில் ஒட்டியுள்ள கடதாசியை, திகதி முடியுமுன் வாசித்துப் பக்கத்து லயத்துக்குச் சொல்லவும் அது உதவட்டும்.

வாப்பா மௌத்தாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த அக்கா இப்போது பேரப்பிள்ளையோடு பழைய லயத்தில்தான் இருக்கிறார். போன மாதம் கண்டபோது, "இப்ப ஏதாவது ஒட்டியிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார். பிரதேச செயலகத்துக்கு வழக்கமாகப் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். இம்முறை நாளோடு சொல்லிவிட வேண்டும்.